மேற்கோள் எண்ணிக்கை எதை அளக்கிறது? நோயெதிர்ப்பியல் தரும் சாட்சியங்கள்

நோபல் பரிசு அறிவிப்புக்குச் சில நாட்கள் முன்பாக ஆண்டுதோறும் ஒரு பட்டியல் வெளியாகும். எந்த ஆய்வாளரின் கட்டுரைகளை மற்ற ஆய்வாளர்கள் மிக அதிகமாக மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்து, நோபலுக்குத் தகுதியானவர்கள் இவர்கள் என்று சிலரைச் சொல்லும் பட்டியல் அது. 2015-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் நிறுவனம் அதை வெளியிட்டபோது நோயெதிர்ப்பு எல்லை மீறாமல் அடக்கிவைக்கும் ஒழுங்காற்று டி செல்கள் பற்றிய ஆய்வுக்காக மூன்று பெயர்கள் இடம்பெற்றன: ஷிமோன் சகாகுச்சி, அலெக்சாண்டர் ருடென்ஸ்கி, ஈதன் ஷெவாக். 2025 அக்டோபரில் அதே ஆய்வுப் பொருளுக்கு மருத்துவ நோபல் கிடைத்தது. சகாகுச்சியுடன் அதைப் பகிர்ந்துகொண்டவர்கள் மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும். ருடென்ஸ்கிக்கும் ஷெவாக்குக்கும் இடமில்லை.

துறையைக் கணக்கு சரியாகச் சொல்லிவிட்டது. ஆட்களில் மூவருக்கு இருவரைத் தவறவிட்டது. நோபல் குழுவின் தீர்ப்பே இறுதியானது என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. 2017-இல் ஸ்வீடனின் கிராஃபோர்ட் பரிசு இதே ஆய்வுக்கு வழங்கப்பட்டபோது சகாகுச்சி, ராம்ஸ்டெல், ருடென்ஸ்கி மூவரும் பெற்றார்கள். ஆக, நன்கு விவரம் அறிந்த மூன்று தரப்புகள் மூன்று விதமாகப் பெயர்களை அடுக்கியிருக்கின்றன. மூன்றிலும் பொதுவாக இருப்பது ஒரே ஒரு பெயர்.

ஓர் ஆய்வாளரின் வாழ்நாள் பணியை அவர் பெற்ற மேற்கோள்களைக் கொண்டு அளக்க முடியுமா என்ற கேள்விக்குப் பல பத்தாண்டுகளாகப் பதில்கள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றைச் சோதித்துப் பார்க்க நோயெதிர்ப்பியல் நல்ல களம். அங்கே மேற்கோள்கள் தாராளமாகப் புழங்குகின்றன. கருத்துகள் எழுந்து, விழுந்து, வேறு பெயரில் திரும்பி வந்திருக்கின்றன. ஆய்வகத்துக்கும் மருந்து நிறுவனத்துக்கும் மருத்துவமனைக்கும் இடையே ஆட்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கிறார்கள்.

நூலகத்தில் தொடங்கிய கணக்கு

இந்தக் கணக்கு ஆட்களை எடைபோடுவதற்காகப் பிறந்ததல்ல. 1927-இல் கலிஃபோர்னியாவின் பொமோனா கல்லூரியைச் சேர்ந்த கிராஸ் என்ற பெயர் கொண்ட இருவர், அமெரிக்க வேதியியல் கழகத்தின் ஆய்விதழில் வந்த அடிக்குறிப்புகளை எண்ணினார்கள். சிறிய கல்லூரி நூலகம் எந்தெந்த இதழ்களுக்குச் சந்தா கட்டலாம் என்று முடிவு செய்வதே அவர்கள் நோக்கம். 1955-இல் யூஜின் கார்ஃபீல்ட் 'சயன்ஸ்' இதழில் முன்வைத்த யோசனையும் தேடுவதற்கானதுதான்: ஒரு கட்டுரையைப் பின்னர் யார் யார் எடுத்தாண்டார்கள் என்று தெரிந்தால், அதில் உள்ள பிழையை யாராவது சுட்டியிருக்கிறார்களா என்பதையும் கண்டுபிடித்துவிடலாம். ஃபிலடெல்ஃபியாவில் அவர் நடத்திய நிறுவனம் 1960-களில் அறிவியல் மேற்கோள் அட்டவணையை வெளியிடத் தொடங்கியது. இதழ்களை ஒப்பிடுவதற்கான தாக்கக் காரணி அதன் கிளையாக வளர்ந்தது.

அங்கிருந்து ஆளை அளப்பதற்கு ஓர் எட்டுதான் மிச்சம். 1973-இல் ஜோனதன் கோல், ஸ்டீஃபன் கோல் சகோதரர்கள் அறிவியல் உலகின் படிநிலைகளை ஆராய மேற்கோள் எண்ணிக்கையைத் தரத்தின் அடையாளமாகக் கொண்டார்கள். 2005-இல் இயற்பியலாளர் ஜோர்ஜ் ஹிர்ஷ் எச்-குறியீட்டை அறிமுகம் செய்தார். ஒருவருடைய கட்டுரைகளில் குறைந்தது 40 கட்டுரைகள் தலா 40 மேற்கோளாவது பெற்றிருந்தால் அவருடைய எச்-குறியீடு குறைந்தது 40. கணக்குப் போட எளிது, ஒரே எண்ணில் முடிந்துவிடுகிறது. பணி நியமனக் குழுக்கள் உடனே பிடித்துக்கொண்டதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கடன்சீட்டு என்ற நிலைப்பாடு

முதல் நிலைப்பாடு சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டனின் சிந்தனையில் வேர்கொண்டது. ஓர் ஆய்வாளர் இன்னொருவரை மேற்கோள் காட்டுவது தான் பட்ட அறிவுக் கடனை ஒப்புக்கொள்வது. தனித்தனி மேற்கோள்களில் குறை இருந்தாலும் ஆயிரக்கணக்கில் சேரும்போது குறைகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும் என்பது இதன் நம்பிக்கை.

இந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. நோபல் பெற்றவர்களின் மேற்கோள் எண்ணிக்கை பொதுவாகத் தங்கள் துறைச் சராசரியைவிட மிக உயரத்தில் இருக்கிறது. சகாகுச்சியின் 1995-ஆம் ஆண்டுக் கட்டுரையையே எடுத்துக்கொள்ளலாம். சிடி25 என்ற புரதத்தை மேற்பரப்பில் தாங்கிய டி செல்களை நீக்கிவிட்டால் எலியின் உடல் தன்னைத்தானே தாக்கத் தொடங்குகிறது என்று அது காட்டியது. வெளிவந்த இதழ் 'ஜர்னல் ஆஃப் இம்யூனாலஜி'. மதிப்புள்ள இதழ்தான், ஆனால் பல்கலைக்கழகங்கள் சுவரொட்டி அடித்துக் கொண்டாடும் ரகம் அல்ல. இதழின் பெயரை மட்டும் பார்த்து மதிப்பிட்டிருந்தால் தவறிப்போயிருக்கும். அந்தக் கட்டுரைக்குப் பின்னாளில் குவிந்த மேற்கோள்கள் அதைச் சரியாக அடையாளம் காட்டின. மேற்கோள் கணக்கின் பக்கம் நிற்பவர்களுக்கு இது வலுவான வாதம்.

மெர்ட்டனே இதன் பலவீனம் இரண்டைச் சுட்டியிருக்கிறார். ஒன்று, 1968-இல் அவர் விவரித்த மத்தேயு விளைவு: ஏற்கெனவே பெயர் பெற்றவருக்கே மேலும் பெயர் சேரும். மற்றொன்று, ஒரு கண்டுபிடிப்பு எல்லோருக்கும் தெரிந்த பாடமாகிவிட்டால் அதன் மூலக் கட்டுரையைக் குறிப்பிடுவது நின்றுவிடும். ஜாக் மில்லர் 1961-இல் 'லான்செட்' இதழில், புதிதாகப் பிறந்த எலிக்குட்டிகளின் தைமஸ் சுரப்பியை அகற்றினால் அவற்றின் நோய் எதிர்ப்பு குலைந்துபோவதைக் காட்டினார். அதுவரை தைமஸ் வேலையற்ற உறுப்பாகவே பெரும்பாலும் கருதப்பட்டது. இன்று டி செல்களைப் பற்றி ஆண்டுக்கு எத்தனையோ ஆயிரம் கட்டுரைகள் வருகின்றன. அவற்றில் மில்லரை மேற்கோள் காட்டுபவை வெகு சில. கடன் மிகப் பெரிதாக இருப்பதனாலேயே அதை யாரும் சீட்டில் எழுதுவதில்லை.

கருவியும் கருத்தும்

இரண்டாவது நிலைப்பாடு, மேற்கோள் என்பது கடன் அல்ல, பயன்பாடு என்கிறது. இதை விளக்க டிமத்தி மாஸ்மன் என்ற ஒரே ஆய்வாளரின் இரண்டு கட்டுரைகள் போதும்.

முதலாவது 1983-இல் அவர் தனியாக எழுதியது. மஞ்சள் நிறமான எம்டிடி என்ற சாயத்தை உயிருள்ள செல்கள் ஊதா நிறமாக மாற்றும். செத்த செல்கள் மாற்றாது. சிறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் செல்களையும் சாயத்தையும் இட்டு, சில மணி நேரம் வைத்திருந்து, ஊதாவின் அடர்த்தியை ஒளிமானியில் அளந்தால் எவ்வளவு செல்கள் பிழைத்திருக்கின்றன என்று தெரிந்துவிடும். கதிரியக்கப் பொருள் தேவையில்லை, செல்களை ஒவ்வொன்றாக எண்ணவும் வேண்டாம். புற்றுநோய் மருந்து சோதிப்பவரும், மூலிகைச் சாற்றைச் சோதிக்கும் முனைவர் பட்ட மாணவரும் இன்றும் இதைத்தான் செய்கிறார்கள். செய்தவர்கள் மாஸ்மனை மேற்கோள் காட்டுகிறார்கள், பெரும்பாலும் அந்தக் கட்டுரையைத் திறந்துகூடப் பார்க்காமல்.

இரண்டாவது 1986-இல் ராபர்ட் காஃப்மன் உள்ளிட்டோருடன் எழுதியது. உதவி டி செல்களில் டிஎச்1, டிஎச்2 என இரு வகைகள் இருக்கின்றன, அவை வெவ்வேறு வேதித் தூதுகளைச் சுரக்கின்றன என்று அது சொன்னது. ஒவ்வாமை, தொழுநோய், ஒட்டுண்ணித் தொற்று ஆகியவற்றைப் பார்க்கும் பார்வையையே மாற்றிய கருத்து அது. பிற்பாடு அந்த இரட்டைப் பிரிவு போதாது என்று தெரிந்து, டிஎச்17 போன்ற வகைகள் சேர்க்கப்பட்டன. ஆயினும் இருபது ஆண்டுகளுக்குத் துறையின் சிந்தனைச் சட்டகம் அதுவாகவே இருந்தது.

இரண்டுமே ஏராளமான மேற்கோள் பெற்றவை. ஆனால் சாயக் கட்டுரை எங்கோ மேலே இருக்கிறது. எண்ணை மட்டும் நம்பினால், மாஸ்மனின் பெரும் சாதனை சாயம் கலக்கியதுதான் என்று முடிவுகட்ட வேண்டிவரும். இது விதிவிலக்கும் அல்ல. எல்லாத் துறைகளிலும் சேர்த்து அதிக மேற்கோள் பெற்ற கட்டுரைகளை 2014-இல் 'நேச்சர்' பட்டியலிட்டபோது முதலிடத்தில் இருந்தது புரத அளவைக் கணக்கிடும் முறை பற்றி ஆலிவர் லவ்ரி 1951-இல் எழுதியது. 3 லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள். அது தன்னுடைய சிறந்த கட்டுரை அல்ல என்பதை லவ்ரியே ஒப்புக்கொண்டவர்.

பயன்பாட்டு நிலைப்பாடு நேர்மையானது, ஆனால் முழுமையானதல்ல. கருவி செய்தவரைக் கீழே தள்ளுவதற்கும் அதைப் பயன்படுத்தலாகாது. 1975-இல் கோலரும் மில்ஸ்டைனும் ஒற்றைப்படி எதிர்ப்பொருளைத் தயாரித்த முறையும் ஒரு கருவிதான். அது இல்லாவிட்டால் இன்றைய மருந்துகளில் ஒரு பெரும் பகுதி இல்லை. கருவியா கருத்தா என்று பிரித்துப் பார்க்க எண்ணிக்கைக்குத் தெரியாது. படித்துப் பார்த்த ஆள்தான் சொல்ல வேண்டும்.

மேற்கோள் ஒரு வாதத் தந்திரமா?

மூன்றாவது தரப்பு இன்னும் கறாரானது. 1977-இல் நைஜல் கில்பர்ட், கட்டுரையாளர்கள் மேற்கோள் காட்டுவது வாசகரை வசப்படுத்தத்தான் என்று வாதிட்டார். தன் கட்டுரைக்கு வலுச் சேர்க்கும் பெரிய பெயர்களை அழைத்து வந்து பக்கத்தில் நிறுத்திக்கொள்வது. ப்ரூனோ லத்தூர் 1987-இல் இதையே விரிவாக வளர்த்தார். இந்த வாதத்தின்படி மேற்கோள்களைக் கூட்டிப் பார்ப்பது, மேடையில் யார் பெயர் எத்தனை முறை சொல்லப்பட்டது என்று எண்ணுவதற்குச் சமம்.

இதற்குப் பதில் தரக்கூடிய ஆய்வு ஒன்று நோயெதிர்ப்பியலிலிருந்தே கிடைத்திருக்கிறது. கடலினி, லாசெட்டேரா, ஓட்டல் ஆகிய மூவர் 'ஜர்னல் ஆஃப் இம்யூனாலஜி' இதழின் பத்தாண்டுக் கட்டுரைகளை எடுத்து, மேற்கோள் வரும் வாக்கியங்களைத் துறை அறிந்தவர்களின் உதவியுடனும் கணினி கொண்டும் வகைப்படுத்தினார்கள். 2015-இல் முடிவு வெளியானது. மறுத்துச் சொல்லும் மேற்கோள்கள் நூற்றுக்கு இரண்டு மூன்றுதான். அவை தாக்கியதும் பெரும்பாலும் மட்டமான கட்டுரைகளை அல்ல, நிறையப் பேர் படித்த, தரமான கட்டுரைகளை. மறுப்பவர்கள் ஆய்வுப் பொருளில் மிக நெருக்கமானவர்கள். ஆனால் ஒரே ஊரில் இருப்பவர்கள் மறுப்பது அரிது. பக்கத்து ஆய்வகத்துக்காரரைப் பகைத்துக்கொள்ள யாருக்கும் மனம் வருவதில்லை போலும்.

மேற்கோளில் சமூகக் கணக்குகள் கலந்திருக்கின்றன என்பதை இது உறுதிப்படுத்துகிறது; முழுவதும் அவையே என்பதை அல்ல. மறுப்பு குறைவாக இருப்பதற்கு இன்னொரு விளக்கமும் உண்டு. தவறான கட்டுரையை மறுத்து எழுதுவதைவிடக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவது சுலபம்.

அடக்கும் செல்கள்: எண்ணிக்கை சரிந்த கதை

அப்படிக் கண்டுகொள்ளாமல் விடுவது எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு, சகாகுச்சியின் ஆய்வுக்கு முன்கதையாக அமைந்த நிகழ்வுகளே சான்று. யேல் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் கெர்ஷன், 1970-இல் கோண்டோவுடன் சேர்ந்து, எதிர்ப்பை அடக்கும் டி செல்கள் இருக்கக்கூடும் என்று எழுதினார். எழுபதுகளில் அந்தக் கருத்து துறையையே ஆட்கொண்டது. அடக்கும் செல்களை அடையாளம் காட்டும் ஐ-ஜே என்ற மூலக்கூறு இருப்பதாக நம்பினார்கள். 1983-இல் அதன் மரபணு இருக்க வேண்டிய இடத்தின் டிஎன்ஏவை ஆராய்ந்தபோது அங்கே அப்படி ஒரு மரபணுவே இல்லை. கெர்ஷன் அதே ஆண்டு இறந்தார். அடக்கும் டி செல் என்ற சொல்லையே ஆய்வு நிதி விண்ணப்பங்களில் தவிர்க்கும் நிலை வந்தது.

ஜப்பானில் நிஷிசுகாவும் சகாகுராவும் 1969-இலேயே, பிறந்த மூன்றாம் நாளில் தைமஸை எடுத்துவிட்ட எலிகளுக்குச் சினைப்பை அழிந்துபோவதைக் கண்டிருந்தார்கள். சகாகுச்சி பிடித்துக்கொண்ட நூல் அது. துறை முகம் திருப்பிக்கொண்ட ஆண்டுகளில் அமெரிக்காவின் ஆய்வு நிறுவனங்கள் பலவற்றில் அவர் அதே கேள்வியோடு உழன்றார். 1995-க்குப் பிறகும் பலர் நம்பவில்லை. முன்பு சந்தேகித்தவர்களில் ஒருவரான ஷெவாக், தார்ன்டனுடன் சேர்ந்து 1998-இல் அந்தச் செல்கள் எதிர்ப்பை அடக்குவதைச் சோதனைக்குழாயில் மெய்ப்பித்த பின்புதான் காற்று திசை மாறியது.

1985-இல் ஒரு குழு சகாகுச்சியின் மேற்கோள் எண்ணிக்கையைப் பார்த்து முடிவெடுத்திருந்தால் என்ன சொல்லியிருக்கும்? 1975-இல் கெர்ஷனைப் பற்றி என்ன சொல்லியிருக்கும்? இரண்டு முடிவுகளும் அந்தந்த நாளின் துறை மனநிலையைப் பிரதிபலித்திருக்கும். கெர்ஷனின் அடிப்படை உள்ளுணர்வு வீண் போகவில்லை என்று இன்று பலர் கருதுகிறார்கள். ஆனால் செல்களுக்குப் புதுப் பெயர் வைத்து எழுதியவர்கள், பழைய கட்டுரைகளின் கறை தங்கள் மேல் படியாமல் பார்த்துக்கொண்டார்கள். மேற்கோள் தொடர் அங்கே அறுந்துவிட்டது.

பட்டியலில் இடம்பெறாத பணி

மேற்கோள் கணக்கு பெரும்பாலும் காணத் தவறுவது இரண்டு வகைப் பணிகளை. ஒன்று நிறுவனப் பணி. பிரன்கோவும் ராம்ஸ்டெலும் அமெரிக்காவின் பாதெல் நகரில் ஓர் உயிரித்தொழில்நுட்ப நிறுவனத்தில் இருந்தவர்கள். 'ஸ்கர்ஃபி' என்றழைக்கப்படும் எலி வகை ஒன்றின் ஆண் குட்டிகள் தோல் உரிந்து சில வாரங்களில் செத்துப்போகும். காரணமான மரபணு எக்ஸ் குரோமோசோமின் நடுப்பகுதியில் எங்கோ இருக்கிறது. இருவரும் இடத்தைச் சுமார் 5 லட்சம் டிஎன்ஏ எழுத்துகளாகச் சுருக்கி, அதிலிருந்த 20 மரபணுக்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டார்கள். 20-ஆவதில் பிழை கிடைத்தது. அதுதான் ஃபாக்ஸ்-பி3, 2001-இல் வெளியிட்டார்கள். 2003-இல் சகாகுச்சி, ருடென்ஸ்கி, ராம்ஸ்டெல் ஆகிய மூவரின் குழுக்களும் அந்த மரபணுவே ஒழுங்காற்று டி செல்களின் திறவுகோல் என்று காட்டின. பிரன்கோவின் கட்டுரைப் பட்டியல் நீளமானதல்ல. பல்கலைக்கழக ஆய்வகம் நடத்தி, மாணவர்களை வைத்துக் கட்டுரை வெளியிட்டுக்கொண்டே இருக்கும் வாழ்க்கை அவருடையதாக இருக்கவில்லை. எச்-குறியீடு அந்த வாழ்க்கைக்கென்றே அளவெடுத்துத் தைத்தது.

மற்றொன்று களப்பணி. 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பிசிஜி தடுப்பூசியின் திறனைச் சோதிக்கும் பெரும் ஆய்வு தொடங்கியது. 2.5 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குத் தடுப்பூசியோ மருந்தில்லாத ஊசியோ போட்டு, ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கண்காணித்தார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்ற முடிவு 1979-இல் வந்தபோது உலகமே அதிர்ந்தது. சுற்றுச்சூழலில் உள்ள வேறு மைக்கோபாக்டீரியாக்கள் முன்கூட்டியே உடலைப் பழக்கிவிடுகின்றனவா என்ற நோயெதிர்ப்பியல் கேள்வி அதனால் சூடுபிடித்தது, இன்னும் தீரவில்லை. 1980-இல் இந்திய மருத்துவ ஆய்விதழில் வந்த விரிவான அறிக்கையின் ஆசிரியர் பெயர் 'காசநோய்த் தடுப்பு ஆய்வு, மதராஸ்'. தனிமனிதர் பெயர் இல்லை. வீடுவீடாக நடந்து சளி மாதிரி சேகரித்தவர், எக்ஸ்ரே படித்தவர், புள்ளிவிவரம் போட்டவர் எவருடைய கணக்கிலும் அந்த மேற்கோள்கள் ஏறவில்லை.

ப்ரூஸ் கிளிக்கின் கதை இவ்விரண்டிலும் சேராது. கோழியின் பின்பகுதியில் உள்ள ஃபாப்ரிசியஸ் பை எதிர்ப்பொருள் உற்பத்திக்கு அவசியம் என்பதை ஒஹையோவில் அவரும் டிமத்தி சாங்கும் கண்டார்கள். வகுப்பில் செய்துகாட்டுவதற்காக சாங் எடுத்துப்போன கோழிகள் எதிர்ப்பொருளே சுரக்காததில் தொடங்கியது அது. 'சயன்ஸ்' திருப்பியனுப்பிய அந்தக் கட்டுரை 1956-இல் 'பௌல்ட்ரி சயன்ஸ்' இதழில் வந்தது. எதிர்ப்பொருள் சுரக்கும் பி செல்லின் ஆதாரக் கட்டுரைகளில் ஒன்று கோழி வளர்ப்பு இதழில் கிடந்தது. நோயெதிர்ப்பியலாளர்கள் அதைக் கண்டெடுக்கச் சில ஆண்டுகள் பிடித்தன.

சீர்திருத்தமும் சூதும்

2012-இல் சான் ஃபிரான்சிஸ்கோ பிரகடனம், ஆளை மதிப்பிட இதழின் தாக்கக் காரணியைப் பயன்படுத்தாதீர்கள் என்றது. 2015-இல் லெய்டன் அறிக்கை, எண்கள் நிபுணர் தீர்ப்புக்குத் துணையாக இருக்கட்டும், அதன் இடத்தில் அமர வேண்டாம் என்றது. துறைவாரியாகச் சரிசெய்த அளவுகோல்களும் வந்தன. இவை ஒப்பீட்டை ஓரளவு நியாயமாக்குகின்றன. மேலே கண்ட சிக்கல்களில் ஒன்றையும் தீர்ப்பதில்லை. ஹிர்ஷே 2020-இல் தன் குறியீட்டின் தீய விளைவுகளைப் பற்றி எழுதினார்.

எண்ணுக்குப் பதவியும் பணமும் ஒட்டிக்கொண்டால் எண்ணைத் தயாரிக்கும் தொழிலும் தோன்றத்தான் செய்யும். சென்னையிலுள்ள ஒரு தனியார் பல் மருத்துவக் கல்லூரியில் இளநிலை மாணவர்களின் கட்டுரைகள் வழியாக அந்நிறுவனத்துக்கே மேற்கோள்கள் குவிக்கப்படுவதாக 2023-இல் 'சயன்ஸ்' செய்தி வெளியிட்டது. அதிக மேற்கோள் பெற்றோர் பட்டியலிலிருந்து கிளாரிவேட் நிறுவனம் அதே ஆண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களை ஐயத்தின் பேரில் விலக்கியது. இந்தக் கேடு வெளிப்படையானது என்பதால் இதைவிட நுட்பமான கேடு கவனிக்கப்படாமல் போகிறது. நேர்மையான ஓர் இளம் ஆய்வாளர், எலிகளை ஓராண்டு வளர்த்துக் காத்திருக்க வேண்டிய கேள்வியை விட்டுவிட்டு, நாலு மாதத்தில் முடியும் கேள்வியை எடுப்பது எந்தக் கண்காணிப்பிலும் சிக்காது.

தீராத கேள்விகள்

என் மதிப்பீட்டில் மூன்று நிலைப்பாடுகளிலும் பயன்பாட்டு நிலைப்பாடே சான்றுகளோடு அதிகம் பொருந்துகிறது. எந்தக் கண்டுபிடிப்பைச் சுற்றித் துறை திரண்டது என்பதை மேற்கோள் நம்பகமாகவே காட்டுகிறது. அதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்கும்போது தடுமாறுகிறது. ஷிசுவோ அகிரா 2000-களின் நடுவில் உலகிலேயே மிக அதிகம் கவனம் பெற்ற ஆய்வாளராகக் கணக்கிடப்பட்டார். அவர் பணியாற்றிய இயல்பு நோயெதிர்ப்புத் துறைக்கு 2011-இல் நோபல் வந்தபோது அவர் பெயர் அதில் இல்லை. அதே துறையில் பணியாற்றிய ருஸ்லான் மெட்சிடோவ் பெயரும் இல்லை. 2003-இல் இறந்துவிட்ட சார்ல்ஸ் ஜேன்வேக்கு வாய்ப்பே இல்லை. அவ்விருவரின் பங்கை நினைவூட்டி நோயெதிர்ப்பியலாளர்கள் பலர் 'நேச்சர்' இதழுக்குக் கடிதம் எழுதினார்கள். பிரிப்பதில் நிபுணர்களும் தடுமாறுகிறார்கள் என்பதுதான் இதிலிருந்து தெரிவது. எண்ணைவிட அவர்கள் எவ்வளவு குறைவாகத் தடுமாறுகிறார்கள் என்பதை யாரும் முறையாக அளந்து காட்டியதாகச் சொல்ல முடியாது.

மேற்கோள் வாக்கியங்களைக் கணினி படித்து வகைப்படுத்துவது இப்போது பெருமளவில் சாத்தியம். கருவிக்கான மேற்கோளையும் கருத்துக்கான மேற்கோளையும் அதனால் பிரிக்க முடிந்தால் மாஸ்மன் போன்றோரின் கணக்கு நேராகலாம். ஆனால் கட்டுரைகளையே கணினி எழுதத் தொடங்கியிருக்கும் காலத்தில், அடிக்குறிப்பில் வரும் பெயரை எந்த மனிதர் தேர்ந்தெடுத்தார் என்ற கேள்வியும் கூடவே எழுகிறது.

எல்லாவற்றையும்விடக் கடினமானது, முன்கூட்டிச் சொல்வது. இதுவரை பேசிய சான்றுகள் யாவும் திரும்பிப் பார்த்துச் சொன்னவை. நியமனக் குழுவின் முன் உட்கார்ந்திருப்பவரோ முப்பத்தைந்து வயதுக்காரர். ராபர்ட்டா சினாட்ரா, அல்பர்ட்-லாஸ்லோ பராபாசி உள்ளிட்டோர் 2016-இல் பல துறை ஆய்வாளர்களின் கட்டுரை வரிசைகளை ஆராய்ந்து, ஒருவருடைய மிக அதிக மேற்கோள் பெறும் கட்டுரை அவருடைய வரிசையில் முதலிலோ நடுவிலோ கடைசியிலோ எங்கு வேண்டுமானாலும் வரலாம் என்றார்கள். ஆளுக்கு ஆள் மாறும் நிலையான ஒரு திறன் இருக்கிறது என்பதும் அதே ஆய்வின் கூற்று. அந்தத் திறனை முதல் ஐந்தாறு கட்டுரைகளைக் கொண்டு, அதுவும் துறை முகம் திருப்பிக்கொண்டிருக்கும் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டிருப்பவரிடம், கண்டறிய முடியுமா என்பதற்கு இன்னும் விடை இல்லை.